அந்த ‘வீ’யில் நான் உண்டா

டாலஸுக்கு வடக்கே, ஆலனில், எங்கள் தெருவில் பட்டம் வாங்காத ஜீவன்கள் இரண்டு. ஒன்று நான். இன்னொன்று எதிர்வீட்டு நாய். போன வருஷம் அதுவும் ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய் சர்டிபிகேட் வாங்கிவிட்டது. அதன் பிறகு நான் மட்டும்தான்.

ஈரோட்டில் எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தேன். மூன்றாம் தடவை, ‘வேற ஆளைப் பாருப்பா’ என்று அந்த பெஞ்சே சொல்லிவிட்டது. ஒரு ஏசி மெக்கானிக் கடையில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கச் சேர்ந்து, தொழிலைக் கற்றுக்கொண்டு, நர்ஸுக்குப் படித்த ஒருத்தியை எப்படியோ கல்யாணமும் செய்துகொண்டேன். அமெரிக்கா கூப்பிட்டது அவளைத்தான். அவளுடைய பெட்டிகளோடு ஒரு பெட்டியாக நானும் வந்து இறங்கினேன். முதலில் ஹூஸ்டன். ஹில்கிராஃப்ட் பக்கம் ஒரு மளிகைக் கடையில் செத்துக் கிடந்த ஃப்ரீசரை எழுப்பியதுதான் இந்த நாட்டில் என் முதல் வேலை. அப்புறம் ஆலன். வாழ்க்கையில் நான் பாஸ் செய்த ஒரே பரீட்சை இந்த ஊர் சிட்டிசன்ஷிப் பரீட்சை. அதையும் என் மனைவி சமையலறையில் நின்று கேள்வி கேட்டுக் கேட்டு, தோசை தரமாட்டேன் என்று மிரட்டிப் பாஸ் செய்ய வைத்தாள்.

இங்கே தமிழர்கள் கூடும் விருந்துகளில் முதல் கேள்வி, ‘நீங்க எந்த கம்பெனி?’ என்பதுதான். ‘எந்த கம்பெனின்னாலும் பாப்பேன், வாரன்ட்டி இருந்தா அவங்களையே கூப்பிடுங்க’ என்பேன். சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் தங்கள் வீட்டு மாடியில் குளிர் பத்தவில்லை என்று சொல்ல ஆரம்பிப்பார்கள். கையில் தட்டோடு நான் கேட்டுக்கொண்டிருப்பேன். பாயசம் வந்த பிறகும் அந்தப் பேச்சு முடிந்திருக்காது.

படிக்காததற்கு எனக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் பக்கத்து வீட்டு கராஜ்.

பக்கத்து வீட்டில் இருப்பவர் எழுபதைத் தொட்ட வெள்ளைக்காரப் பெரியவர். மனைவி இறந்துவிட்டார், தனி ஆள். ஒரு ஆகஸ்ட் மாதம் அவர் வீட்டு ஏசி நின்றுபோய், நான் பரண் ஏறியபோது அவரும் பின்னாலேயே ஏறி டார்ச் பிடித்தார். டெக்சஸ் ஆகஸ்டில் பரணில் ஒன்றாக வெந்த இரண்டு பேருக்கு நடுவில் அதற்கப்புறம் வெட்கம் இருக்காது. அன்றிலிருந்து சாயங்காலங்களில் கராஜ் கதவைத் தூக்கிவிட்டு, இரண்டு மடக்கு நாற்காலி போடுவார். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. என் பெயர் அவர் வாயில் நுழையாது. ‘படி’ என்று கூப்பிடுவார். நண்பா என்பதற்கு இங்கிலீஷில் உள்ள சொல் அது. இந்த ஊர்க்காரர்கள் சொல்லும்போது அப்படித்தான் விழுகிறது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்தவனை, கடல் தாண்டியும் விடாமல் ஒருவர் தினமும் ‘படி, படி’ என்று துரத்துகிறார். என் தலையெழுத்து.

அவர் பேசுவது இங்கிலீஷ். எனக்குப் புரிந்த தமிழில் இங்கே எழுதுகிறேன். எனக்குப் புரிந்ததில்தான் எல்லா வினையும் வந்தது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெரியவர் எங்கள் வட்டாரத்தில் கன்சர்வேடிவ்காரர்களின் கட்சிக்குப் பொறுப்பாளர். நம் ஊர்க் கணக்கில் வட்டச் செயலாளர். ஆனால் வெள்ளை வேட்டி கிடையாது, கார் கண்ணாடியில் தலைவர் படம் கிடையாது, கூட்டத்துக்குப் போனால் பிரியாணியும் கிடையாது. நான் அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட ஆரம்பித்ததற்குக் கொள்கை ஏதாவது இருக்கும் என்று யாரும் தேட வேண்டாம். நாற்காலி போட்டுக் கூப்பிட்டார், போனேன். நம் ஊரிலும் பாதிப் பேர் கட்சிக்குள் போனது இப்படித்தான்.

“முன்னல்லாம் இது கோல்ஃப் ஆடறவனுங்க கட்சி, படி,” என்பார். “எங்க ஃபேக்டரிய மூடிட்டு, அதே வாயால எங்ககிட்ட ஓட்டுக் கேட்டானுங்க. இப்பத்தான் இது கையில அழுக்கு படறவங்க கட்சி ஆயிருக்கு.” என் கையைப் பிடித்துத் திருப்பிக் காட்டுவார், யாரோ எதிரில் உட்கார்ந்து பார்ப்பது போல. “இந்தக் கை மாதிரி.”

என் கையை அதுவரை யாரும் பெருமையாகக் காட்டியதில்லை. வீட்டில் சாப்பிடுவதற்கு முன்னால் சோப்புப் போடச் சொல்லித்தான் காட்டுவார்கள்.

“இப்ப இருக்கற தலைவர் போனப்புறம் என்ன ஆகும்னுதான் தெரியல,” என்று ஒருநாள் கவலைப்பட்டார். “கோல்ஃப்காரனுங்க திரும்பி வந்து புடுங்கிப்பானுங்களோன்னு இருக்கு.”

“எங்க ஊர்ல நான் பாத்திருக்கேன்,” என்றேன். “தலைவர் போனதும் கட்சி ரெண்டாகும். அப்புறம் சின்னம் யாருக்குன்னு கோர்ட்டுக்குப் போவாங்க. அப்புறம் ரெண்டு பேரும் அவர் சமாதியில போய் அழுவாங்க.”

அவர் சிரித்துச் சிரித்துக் கையிலிருந்த ஐஸ் டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டு மாடி அறையில் என் மச்சினன் இருந்தான், அவன் பெண்டாட்டியும் கூட. என் மனைவியின் தம்பி. எங்கள் குடும்பத்துப் படிப்பையெல்லாம் அவன் ஒருத்தனே வாங்கிக்கொண்டுவிட்டான். கம்ப்யூட்டர் வேலை, எச்-ஒன்-பி விசா. அந்த விசாவின் பெயர் எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் சொந்தக்காரர் பெயர் மாதிரி. காலையில் எழுந்ததும், ‘எச்-ஒன்-பி எப்படி இருக்கு?’, ராத்திரி சாப்பிடும்போது, ‘எச்-ஒன்-பி பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?’ நீட்டிப்புக்குப் போட்டது மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தது. அவன் கம்பெனி, ‘இங்கே நிலவரம் சரியில்லை, டொரன்டோ கிளைக்குப் போய்விடு, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்’ என்றது. போனால் திரும்பி வர வழி இருக்குமா என்பதை யாரும் சொல்லவில்லை.

என் மனைவிக்கு இந்த நாட்டில் ரத்த சொந்தம் என்று இருப்பது அவன் ஒருத்தன்தான். அவள் அவனுக்குப் பிடித்ததாகச் சமைத்துக்கொண்டே இருந்தாள். வாழைக்காய் பஜ்ஜி, மறுநாள் பணியாரம், அதற்கு மறுநாள் மறுபடி பஜ்ஜி. வீட்டில் எண்ணெய் வாசனை ஏறிக்கொண்டே போனது.

அந்த வாரம் கராஜில் உட்கார்ந்திருந்தபோது பெரியவர் என் முகத்தைப் பார்த்தார்.

“என்ன படி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?”

என் இங்கிலீஷில் வினைச்சொற்கள் லீவில் இருக்கும். “மை ஹவுஸ், எச்-ஒன்-பி. பிக் பிராப்ளம். நோ ஸ்லீப்,” என்றேன்.

அவர் முகம் மாறியது. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். தோளில் கை வைத்தார். அப்புறம் சொன்னதை மட்டும் அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். “டோன்ட் வொரி, படி. வீ ஆர் கோயிங் டு டேக் கேர் ஆஃப் இட்.”

சனிக்கிழமை காலை கட்சியின் கூட்டம் இருக்கிறது, நீயும் வர வேண்டும், நான் ஒரு தீர்மானம் வாசிப்பேன், அதை வழிமொழிய நீ எழுந்து ‘செகண்ட்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். பள்ளிக்கூடத்தில் நான் ஒருநாளும் செகண்ட் வந்ததில்லை. சரி என்று ஆசையோடு தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.

“மாப்ள, கவலைய விடு. பக்கத்து வீட்டுப் பெரியவர்கிட்ட பேசிட்டேன். ‘நாம கவனிச்சுக்கலாம்’னுட்டார்.”

“கவனிச்சுக்கலாம்னா என்ன மாமா?”

“கட்சியில தீர்மானம் போடறார்டா. இங்கேருந்து மேல போகும், மேலேருந்து இன்னும் மேல போகும். சனிக்கிழமை நானே எழுந்து நின்னு சொல்லப்போறேன்.”

“நீங்களா?” என்றாள் என் மனைவி கரண்டியோடு திரும்பி. அந்தக் கேள்வியில் நம்பிக்கை ஒரு சொட்டும் இல்லை. ஆனால் அன்றைக்கு அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எங்களோடு உட்கார்ந்தாள். மச்சினன் டொரன்டோவுக்கு அனுப்ப வைத்திருந்த பதிலை அனுப்பவில்லை. ‘மாமா போயிட்டு வரட்டும், பாப்போம்’ என்று தன் பெண்டாட்டியிடம் சொன்னது மாடிப்படியில் என் காதில் விழுந்தது. என் வார்த்தையை நம்பி ஒரு படித்தவன் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை காலை இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினேன். இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகளுக்குத் தமிழ் எல்லாம் புரியும், வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான் வரும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அப்பா, ப்ளீஸ், டோன்ட் பி ஃபன்னி,” என்றாள்.

“நான் என்ன பண்ணட்டும் கண்ணு, முகமே அப்படி,” என்றேன்.

பெரியவரின் பிக்அப்பில் போனோம். கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். மேஜையோடு சேர்ந்த குட்டை பெஞ்சுகள். அந்த உயரம் எனக்குப் பழக்கம். வந்திருந்தவர்களில் பெரும்பாலும் வயதானவர்கள். இந்திய முகம் என்று பார்த்தால் என்னைத் தவிர ஒன்றிரண்டுதான், அவர்களும் என் கண்ணைப் பார்க்கவில்லை. எனக்கு காபி கொண்டுவந்து கொடுத்தவன் ஒரு இளைஞன். வெள்ளைச் சட்டை, பூட்ஸ், அடக்கமான பேச்சு. என்னை ‘சார்’ என்றான். பெஞ்சு போதாமல் கூடுதல் நாற்காலிகளை அவன்தான் ஓடி ஓடிப் போட்டுக்கொண்டிருந்தான்.

“இவனை மாதிரிப் பசங்கதான் நாளைக்குக் கட்சியை நடத்தப்போறாங்க,” என்று பெரியவர் என் காதில் சொன்னார். பேரனைப் பற்றிச் சொல்கிற குரல்.

தலைமை தாங்கிய அம்மா சின்னச் சுத்தியலால் மேஜையைத் தட்டினார். ஏதேதோ தீர்மானங்கள் போயின. சொத்து வரி, தண்ணீர், பள்ளிக்கூடம். ஒவ்வொன்றுக்கும் யாராவது ‘செகண்ட்’ என்றார்கள், நான் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அப்புறம் பெரியவர் மைக்குக்குப் போனார்.

காகிதத்தை வாசிப்பதற்கு முன்னால் அவர் தன் கதையைச் சொன்னார். இத்தனை சாயங்காலங்களில் எனக்குச் சொல்லாதது.

“ரிச்சர்ட்சன்ல ஒரு டெலிபோன் கம்பெனில என் பாதி ஆயுசு போச்சு. ஒருநாள் வெளிநாட்டுலேருந்து ஒரு பையனைக் கொண்டு வந்து என் பக்கத்துல உக்கார வச்சாங்க. உன் வேலையெல்லாம் இவனுக்குச் சொல்லிக்குடு, முடிச்சுட்டு நீ வீட்டுக்குப் போன்னாங்க. சொல்லிக்குடுத்தேன். நல்ல பையன். தினமும் எனக்கும் சேர்த்துக் காபி வாங்கிட்டு வந்தான். அவன் கெட்டவனா இருந்திருந்தா எனக்குக் கொஞ்சம் சுலபமா இருந்திருக்கும்.” காகிதத்தைக் கை மாற்றிக்கொண்டார். “என் மனைவி அப்ப படுக்கையில இருந்தா. இன்ஷூரன்ஸும் அந்த வேலையோட போச்சு. மேல உக்காந்து முடிவு பண்ணவன் ஒருத்தன்கூட நாம என்ன நினைக்கறோம்னு கேக்கல.”

அந்த ‘நாம’வை நான்தான் போட்டுக்கொண்டேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்னது வெறும் ‘வீ’.

அப்புறம் காகிதத்தை வாசித்தார். முதல் இரண்டு வரி எனக்கு எட்டவில்லை. மூன்றாவது வரியில் அந்தப் பெயர் வந்தது. எச்-ஒன்-பி. வீட்டில் காலை மாலை கேட்கிற பெயர். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த வார்த்தை ‘எண்ட்’. முடிவு என்றால் எனக்குத் தெரியும். புதிதாகக் கொடுக்கக் கூடாது, இருக்கிறவர்களுக்கு நீட்டிக்கக் கூடாது, காலம் முடிந்ததும் அவரவர் ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். வீ, வீ, வீ என்று ஒவ்வொரு வரியும் ஆரம்பித்தது.

டேக் கேர் ஆஃப் இட். கவனித்துக்கொள்வது. நம் ஊரிலும் ஒருவரைக் கவனித்துக்கொள்கிறேன் என்றால் சோறு போடுவதும் உண்டு, ஆள் வைத்து அடிப்பதும் உண்டு. எனக்கு மட்டும் சோறு ஞாபகம்தான் வந்திருக்கிறது.

“செகண்ட் யாராவது உண்டா?” என்று கேட்டார் தலைமை அம்மா.

பெரியவர் மைக்கிலிருந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். உதடு அசைந்தது. ‘படி.’

கூடம் முழுக்க என் பக்கம் திரும்பியது. நான் எழுந்து நின்றேன். கால் பெஞ்சுக்கும் மேஜைக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. உட்காரவும் முடியவில்லை. மாடியில் பதில் அனுப்பாமல் உட்கார்ந்திருந்தவன் முகம் மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது.

“மேடம், ஐ ஹாவ் எ டவுட்,” என்றேன்.

நம் ஊரில் கை தூக்கினால் டவுட் என்றுதான் சொல்வோம். அவர்களுக்கு அது சந்தேகப்படுகிறேன் என்று விழுகிறது. “தீர்மானத்தைச் சந்தேகப்படறீங்களா?” என்றார் அந்த அம்மா.

“இல்ல மேடம், கேள்வி. எங்க பாஷையில ‘வீ’க்கு ரெண்டு வார்த்தை இருக்கு. யார்கிட்ட பேசறோமோ அவனையும் சேத்துக்கிட்டா ஒரு வார்த்தை, ‘நாம’. அவனை விட்டுட்டா இன்னொரு வார்த்தை, ‘நாங்க’. சாப்பிடப் போகும்போது நாம. பில்லு வரும்போது, நாங்க அப்பவே வேண்டாம்னோம்.”

சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள். மகள் முகம் ஞாபகம் வந்தது. “அந்த பேப்பர்ல இருக்கற ‘வீ’ எந்த ‘வீ’ மேடம்? தெரிஞ்சா செகண்ட் சொல்ல சௌகரியமா இருக்கும்.”

சிரிப்பு ஓரத்திலிருந்து குறைய ஆரம்பித்தது. கேட்டது ஜோக் இல்லை என்று ஒவ்வொரு மேஜையாகத் தெரிந்துகொண்டு வந்தது. தலைமை அம்மா பெரியவரைப் பார்த்தார். பெரியவர் காகிதத்தைப் பார்த்தார்.

காபி கொடுத்த இளைஞன் கை தூக்கினான்.

“நான் சொல்றேன் சார். நீங்க சொன்னதுல ரெண்டாவது ‘வீ’.” குரலில் கோபம் எதுவும் இல்லை. “தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நல்லவர், உழைக்கறவர், உங்களை யாரும் ஒண்ணும் சொல்லல. ஆனா இந்த மண்ணுல உழைச்சு இதே மண்ணுல புதைஞ்சவங்க பிள்ளைங்க நாங்க. கட்சி எங்களுக்காகத்தான். அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டே இத்தன வருஷம் ஓடிப்போச்சு.”

சிலர் கை தட்டினார்கள். சிலர் தங்கள் பூட்ஸைக் குனிந்து பார்த்தார்கள். பின்னால் ஒருவர், “அது பேப்பர்ல இல்லையே,” என்றார்.

“பேப்பர்ல இல்ல,” என்றார் பெரியவர் மைக்கில். குரல் கரகரத்தது. “எழுதினது நான். வேலை செய்யறவங்க எல்லாரையும் சேத்துத்தான் எழுதினேன். எவன் எந்த ஊர்லேருந்து வந்தான்னு இதுல இல்ல.”

“அது உங்க காலத்து வரி சார்,” என்றான் இளைஞன், அதே மரியாதையோடு. “இனிமே எழுதப்போறது நாங்க.”

அந்தக் கடைசி வார்த்தையில் பெரியவரும் வெளியே இருந்தார். அவருக்கும் அது தெரிந்தது. மைக் கம்பியைப் பிடித்திருந்த கை இறங்கிவிட்டது. ஒரு மூச்சு நேரம், காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கி வந்துவிடுவார் என்றே நினைத்தேன். அவர் மடிக்கவில்லை.

சுத்தியல் தட்டியது. “செகண்ட் உண்டா?”

எங்கோ பின் மேஜையிலிருந்து ஒரு பெண் குரல், “செகண்ட்,” என்றது. அவ்வளவு சுலபமான வார்த்தை.

ஆதரிப்பவர்களைக் குரல் கொடுக்கச் சொன்னார்கள். கூடம் அதிர்ந்தது. அந்த அதிர்வில் பெரியவரின் குரலைத் தேடினேன். இருந்தது. மற்றவர்கள் முடித்த பிறகு, தனியாக, மெதுவாக வந்தது. எதிர்ப்பவர்கள் என்றதும் நான், “நோ,” என்றேன். இங்கே அதற்கும் வேறு ஒரு வார்த்தை, ‘நே’யாம். தலைமை அம்மா திருத்தினார், நான் திருத்திச் சொன்னேன். என்னோடு இன்னும் நாலைந்து குரல் கேட்டது. தீர்மானம் நிறைவேறியது.

திரும்பி வரும்போது பெரியவர் பிக்அப் ரேடியோவை அணைத்தார். சிக்னலில் நின்றபோதுதான் பேசினார்.

“உன் மச்சினன் அந்த விசாவுலயா இருக்கான்?”

“ஆமா.”

“உன்னை மாதிரி வந்தவன்னு நினைச்சேன். விசாக்காரனுங்களால உனக்குத் தொழில் கெடுதுன்னு நீ சொல்றன்னு நினைச்சேன்.”

“என் இங்கிலீஷ் அப்படி.”

பச்சை விழுந்தும் அவர் நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

“அவன் விஷயம் வேற,” என்றார்.

“பேப்பர்ல வேறன்னு இருக்கா?”

“அது சும்மா ஒரு பேப்பர். மேல போகும், கமிட்டியில கிடக்கும். அதால யாரும் யாரையும் அனுப்பிட முடியாது.”

“அப்ப எதுக்கு எழுதினீங்க?”

வண்டி நகர்ந்தது. எங்கள் தெருமுனை வரும்போது தானாகவே ஆரம்பித்தார். “எங்கப்பாவுக்கு ஸ்கூல் போற வரைக்கும் இங்கிலீஷ் தெரியாது. இங்கேருந்து தெற்கால ஒரு பண்ணையில, வீட்டுல எல்லாரும் செக் பாஷைதான். ஸ்கூல்ல அவரைக் கேலி பண்ணியிருக்காங்க.”

“அந்த பாஷையில ‘வீ’ ஒண்ணா, ரெண்டா?”

“தெரியாது. அவர் எங்களுக்குச் சொல்லிக்குடுக்கல.”

அவர் வீட்டு வாசலில் இறங்கினேன். போகும்போது ‘படி’ என்று கூப்பிடுவார் என்று கொஞ்சம் நின்றேன். கராஜ் கதவு இறங்கியது.

வீட்டுக்குள் மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். மச்சினன், அவன் பெண்டாட்டி, கரண்டி இல்லாமல் வெறும் கையோடு என் மனைவி. மகள் மாடிப்படியில்.

“என்ன மாமா, கவனிச்சுக்கிட்டாங்களா?”

“நல்லாவே கவனிச்சுட்டாங்க மாப்ள.”

முழுதும் சொன்னேன். எங்கேயும் ஜோக் சேர்க்கவில்லை. நான் புரிந்துகொண்ட லட்சணத்தையும் சொன்னேன். மச்சினன் முதலில் சிரித்தான். ‘டேக் கேர், டேக் கேர்’ என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துச் சிரித்தான். அப்புறம் நிறுத்தினான்.

“ஒழுங்காக் கேட்டுட்டு வந்து சொல்லக்கூட உங்களுக்குத் தெரியாதா?” என்றாள் என் மனைவி. குரல் உடைந்திருந்தது. “அவன் இத்தன நாள் உங்களை நம்பி உக்காந்திருக்கான்.”

“விடுக்கா,” என்றான். “மாமா கேட்டுட்டுத்தான் வந்திருக்கார். வேற யாரும் எனக்காக எழுந்து கேக்கல.” பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் தலையை லேசாக அசைத்தாள். “நாங்க டொரன்டோக்கே போறோம் மாமா. நாளைக்கு அந்தப் பையன் மாதிரி ஆளுங்கதான் எழுதப்போறாங்கன்னா, நாங்க இங்க காத்துக்கிட்டு இருக்கறதுல அர்த்தமில்ல.”

‘நாங்க.’ வேறு எப்படிச் சொல்வான். நான் சிட்டிசன், என் மனைவி சிட்டிசன், எங்களுக்கு இங்கே வீடு, கடன், கராஜ். அவன் சொன்னது சரியான தமிழ். அதில் தப்பு கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் தேடினேன், எட்டாவதுக்கு மேல் படித்திருந்தாலும் கிடைத்திருக்காது.

“நானும் வரேன்டா,” என்றேன்.

“அங்க வருஷத்துல பாதி பனி மாமா. ஏசி மெக்கானிக் வந்து என்ன பண்ணுவீங்க?”

“ஹீட்டரும் பாப்பேன்.”

என் மனைவி எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். எண்ணெய் காயும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் சமையலறை ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு கராஜ் கதவு ஏறுவது தெரிந்தது. பெரியவர் வெளியே வந்தார். ஒரு மடக்கு நாற்காலியை விரித்தார். கொஞ்ச நேரம் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டே நின்றார். அப்புறம் உள்ளே போய் இரண்டாவதை எடுத்து வந்து போட்டார். உட்காரவில்லை. எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தார், திரும்பிக்கொண்டார்.

என் மனைவியும் பார்த்துவிட்டாள். பஜ்ஜியைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டே, “ரெண்டு சேர் போட்டிருக்கார்,” என்றாள்.

“தெரியுது.”

“போகலையா?”

“யாருக்குப் போட்டிருக்கார்னு கேட்டுட்டுத்தான் போகணும்,” என்றேன்.